வேம்பு செய்த இழைப்புளி

பண்ணையார் வைத்திலிங்கம் செருப்புக் காலால் அந்த இழைப்புளியைப் புரட்டிப் போட்டார். பிறகு சிரித்தார்.

கூட வந்த காரியக்காரன் சாமிக்கண்ணுவும் சிரித்து வைத்தான்.

வேம்பு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் புதுக் கதவு. அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் பலகைக் கதவு. மற்ற வீடுகளுக்கெல்லாம் ஓலைத் தட்டிதான்.

புரட்டிப் போட்டுவிட்டாரே, அது என்ன வெறும் விறகா? ஒரு கோடை முழுக்க அவள் பட்ட பாடு. கருவேலங்கட்டையை நடுவில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுச் சுட்டுத் துளைத்து, உடைந்த மண்வெட்டித் தகட்டைத் தீட்டி அதில் செருகியிருந்தாள். முதலில் அது மரத்தைச் சீவவில்லை, பிறாண்டியது. தகட்டைச் சாய்த்து ஆப்பு இறுக்கிய பிறகுதான் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது.

பக்கத்தில் கிடந்த உளி, சிறுவாச்சூர் ரோட்டில் பட்டாளத்து லாரியிலிருந்து ஒடிந்து விழுந்த வில்பட்டை. ரம்பம், பீப்பாயைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டை. பல்லை ஒன்றுவிட்டு ஒன்று வளைத்துவிடாவிட்டால் மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதை விரல் கிழிந்துதான் கற்றுக்கொண்டாள்.

ஆசாரி வந்திருந்தால் இத்தனை கூத்து எதற்கு? அந்தத் தெருவுக்குள் கால் வைக்க மாட்டானாம். கருவியை இரவல் கேட்டால் அவள் கை பட்டுத் தீட்டாகிவிடுமாம். பண்ணை வீட்டுக்கு அவன் நிலை வைத்தபோது சுவருக்கு மண் குழைத்தது இதே கைதானே. திருச்சிக்குப் போய்ச் சீமை உளி வாங்கிக்கொள் என்று சொல்லிச் சிரித்தான். சீமை உளி விலைக்கு அவள் எந்த ஜென்மத்தில் உழைத்து முடிப்பது?

புருஷன் மலேயாவுக்குப் போனவன். சண்டை மூண்ட பிறகு இருக்கிறானா இல்லையா என்ற தகவலே இல்லை. கேட்க ஆளில்லை என்றால் வாசலுக்குக் கதவும் கூடாதா?

"ரெண்டு சட்டி, ஒரு கிழிஞ்ச பாய். இதைக் காக்க ஒனக்குக் கதவு எதுக்குடி?" என்றார் வைத்திலிங்கம்.

அவர் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு. வயதுக்கு வந்த மகள் கொளஞ்சி. கதவுக்கு அந்தப்பக்கம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

வேம்பு கதவோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

பட்டாளத்து இரும்பு வைத்திருந்தால் ஜெயில் என்றார் அவர். சாமிக்கண்ணு உளியையும் ரம்பத்தையும் இழைப்புளியையும் துண்டில் கட்டிக்கொண்டு போய்க் கிணற்றில் வீசிவிட்டு வந்தான். ஜெயிலுக்கு அனுப்பவேண்டிய இரும்பு கிணற்றுக்கு ஏன் போகிறது என்று கேட்க அந்தத் தெருவில் யாருக்கும் நாக்கு எழவில்லை.

பிறகு கதவைப் பெயர்க்கச் சொன்னார்.

சாமிக்கண்ணு தடியால் வேம்புவை ஒதுக்கிவிட்டுக் கதவை இடித்தான். அசையவில்லை. உள்ளே தாழ் விழுந்திருந்தது. வைத்திலிங்கம் தள்ளியே நின்றார். பகலில் அவர் அந்தச் சுவரைக்கூடத் தொடமாட்டார். தொட்டால் தலை முழுக வேண்டும்.

பகலில்தான் தீட்டு.

களையெடுக்கப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக நின்றார்கள். வேம்பு குரலை உயர்த்தவில்லை.

"நீங்களே சொல்லுங்க ஆண்டே. எல்லாரும் கேக்கட்டும். இந்தக் கதவு யாரு வர்றதுக்கு இடைஞ்சலா இருக்கு?"

சாமிக்கண்ணு தடியை இறக்கினான். யார் முகத்தையும் பார்க்காமல் கீழே குனிந்துகொண்டான்.

வைத்திலிங்கம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். சுற்றிலும் பார்த்தார். அவர் பார்த்ததும் எப்போதும் கலைகிற கூட்டம் அன்று கலையவில்லை.

கடைசியில் பேச்சைப் பலகையின் பக்கம் திருப்பினார். இவ்வளவு நல்ல தேக்கு இவளுக்கு ஏது? எங்கே திருடினாள்? பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் புளியமரத்தில் கட்டி வைத்துக் கேட்க வேண்டியிருக்கும் என்றார்.

அதற்கு மட்டும் வேம்பு வாயைத் திறக்கவில்லை. திருடி என்ற பேரை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் புளியமரத்தில் கட்டினார்கள். அப்போதும் சொல்லவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு, வீங்கிய கையோடு வீட்டுக்கு வந்து, கொளஞ்சி கதவைத் திறந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கதவுக்கு வழவழப்பு எதற்கு? சொரசொரப்பான பலகையும் மறைக்கத்தான் செய்யும். இழைப்புளி இல்லாமலே அவள் அதை மாட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பலகையில் அது முன்பு இருந்த வீட்டின் சாயமும் கரியும் ஏறியிருந்தன. சொந்தக்காரன் பார்த்தாலும் அடையாளம் தெரியாதபடி அதைச் சீவித் தள்ளவேண்டியிருந்தது.

பண்ணை வீட்டுப் பரணிலிருந்து இறக்கியது அது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், வைக்கோலுக்குள் மறைத்து, அதை வேம்புவின் தலையில் தன் கையாலேயே தூக்கி வைத்தவள் வைத்திலிங்கத்தின் மனைவி ஜெயலட்சுமி. தீட்டு என்று அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வேம்புவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"உள்தாழ் கெட்டியாப் போடு," என்றாள். "எவ்வளவு பலமா இடிப்பாருன்னு எனக்குத் தெரியும்."