ஒரு கைதான் மிச்சம்

"நான் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்விய உன் வீடியோ கேம் கேட்குமா, அவினோ?"

நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவினோ கேம் உருவாக்கக் கம்ப்யூட்டரே கதியென்று உட்கார்ந்தபோது அப்பா கேட்டது அது. கென்யாவில், கிசுமு நகரக் கல்லூரியில் அவர் தத்துவப் பேராசிரியர். அப்படி ஒரு கேள்வியை அவள் கேம் கேட்டுவிட்டால் அவள் போக்கில் விட்டுவிடுவார். இல்லையென்றால் அவள் மறுபடி நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும். அதுதான் பேச்சு.

இன்று விளையாட உட்கார்ந்துவிட்டார். அவினோ நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சுடுறது எந்தப் பொத்தான்?"

"இதுல யாரையும் சுட வேண்டாம் பாபா."

"அப்ப எதுக்குக்கா இதெல்லாம்?" என்றான் தம்பி ஒடேரா, மண்டாசிப் பலகாரத்தை மென்றபடி.

திரையில் ஏரி. புயல். கவிழ்ந்த படகை ஒரு கையால் பற்றியபடி ஒரு தகப்பன். பக்கத்தில், தண்ணீர் பிடிக்கும் மஞ்சள் ஜெரிக்கேனைக் கட்டிக்கொண்டு தத்தளிக்கும் சிறுமி. எட்டத்தில் அவள் தம்பி.

"மிச்சம் ஒரு கைதான். ஒருத்தரத்தான் இழுக்க முடியும்." அவினோ திரையைத் தொட்டுக் காட்டினாள்.

அப்பாவின் பார்வை ஜெரிக்கேனில் ஒரு கணம் நின்றது. பிறகு சாய்ந்துகொண்டார்.

"இதுக்கா இத்தனை மாசம்? வருஷா வருஷம் நான் பரீட்சையில கேட்கிறதும்மா இது."

"பையனக் காப்பாத்துங்க பாபா," என்றான் ஒடேரா. "நாளைக்கு வீடு கட்டி உங்க பேர நிறுத்தப்போறவன் அவன்தான்."

"அப்படி எழுதுற பயலுக்கெல்லாம் நான் முட்டைதான் போடுவேன். கைக்கு எட்டுற பிள்ளைய இழுக்கணும். ஆணா பொண்ணான்னு பார்க்கிறவன் மனுஷனே இல்ல."

"நிச்சயமாவா பாபா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பொத்தானை அமுக்கினார். சிறுமியின் கை தகப்பன் கைக்குள் வந்தது.

"அவ்வளவுதானே? திங்கட்கிழமை கிளம்பு. பெட்டியக் கட்டி வை."

"இன்னும் முடியல," என்றாள் அவினோ. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

திரை இருண்டது. சிறுமி பேசுவதுபோல ஒரே ஒரு வரி எழுந்தது.

'அன்றைக்கும் நான்தானே பாபா பக்கத்தில் இருந்தேன்?'

ஒடேரா மெல்லுவதை நிறுத்தினான். அன்று ஏரியில் அப்பாவின் கை இழுத்தது அவனைத்தான். அப்பா எழுந்து, இருவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.