சமுதாயக் கூடத்துக்கு முதல் கூட்டம்

மழையில் நனைந்தபடியே போய்த் திட்ட அதிகாரியிடம் சமுதாயக் கூடத்தின் சாவியைக் கேட்டேன். எங்கள் தெருவுக்கென்று அரசு கட்டிய கூடம் அது; கூலிக்குக் கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டியே கிடந்தது.

"அடேயப்பா! இப்பவாவது புத்தி வந்துச்சே. கூடம் வேணாம்னு அன்னிக்கு என்கிட்ட மல்லுக்கு நின்னவராச்சே நீங்க!" என்று சிரித்தார்.

"சாவியைக் குடுங்க சார். ஜனங்க மழையில நிக்கிறாங்க."

"எத்தனை பேர் வருவாங்க?"

"தெருவே வரும் சார். எங்க வீட்ல நாலு பேர் நிக்கக்கூட இடமில்ல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யாரும் எட்டிக்கூடப் பாக்கலைன்னு மேலிடத்துல என்னை வறுத்தெடுத்துட்டாங்க. இன்னிக்கு நானே வந்து போட்டோ எடுத்து அனுப்பறேன். சரி, யாருக்காக இவ்வளவு கூட்டம்?"

"என் சின்னப் பொண்ணுக்காக சார்."

"பிறந்தநாளா? ரொம்ப சந்தோஷம்!" சாவியை என் கையில் வைத்தார். "குழந்தை எங்க, கூட்டிட்டு வரலையா?"

"இப்பதான் சார் தூக்கிட்டு வர்றாங்க. பள்ளிக்கூடம் போறதுக்குக் கால்வாயில இறங்கினவளைத் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. நாங்க அன்னிக்குக் கேட்டது ஒரு சின்னப் பாலம்தானே சார்."