பத்து டப்பா

“பித்தநீரை மாத்துற குடல் கிருமியோட நொதியை நம்ம மாத்திரை அடக்கிருச்சு! பத்துப் பேருக்கும் ஒரே ரிசல்ட்!”

டாக்டர் ஹாஃபிஸாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் பத்துப் பேருக்கும் சோதனை மாத்திரை வாங்கிப்போய், அவர்களின் மல டப்பாக்களையும் சேகரித்துக் கொண்டுவந்த கருப்பம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“அதெப்படி, பத்தும் அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கு?”

“எல்லாம் என்னுதுதான டாக்டரம்மா! அவளுக வெக்கப்பட்டாளுக. கம்பெனில ஒருத்திக்கு வேலை முடியலைன்னா கைவேகமுள்ளவ சேத்துச் செஞ்சு குடுப்போம்ல? அப்படித்தான் பத்து டப்பாவையும் நானே நெரப்பிட்டேன்.”

ஹாஃபிஸா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“மாத்திரையாவது அவங்கவங்க சாப்பிட்டாங்களா?”

கருப்பம்மாளுக்குச் சுருக்கென்றது.

“அம்புட்டு அநியாயம் பண்ணுவேனா? டப்பா என்னுதுன்னா மாத்திரையும் நாந்தான முழுங்கணும்? பத்துப் பேருதையும் முழுங்கிட்டேன்!”