காலை எடுக்காதே

“காலை எடுக்காதேடா!” என்று கத்தினேன். ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டான்.

வண்டி அடங்கி, பின்னால் ஓரடி உருண்டு நின்றது.

இது இரண்டாவது முறை. பேசி வைத்தபடி தம்பிக்கு இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி.

ஓட்டுவது அவன். பக்கத்து இருக்கையில் நான். முன்னால், கல் உடைத்து முடித்து விட்டுப்போன குவாரியின் ஏற்றம். நடுவில் குறுக்காக ஒரு பள்ளம். அதில் இறங்கினால் முன்பக்கம் ஒரு சக்கரமும், பின்பக்கம் எதிர்மூலைச் சக்கரமும் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரம் வீணாகச் சுற்றும். மண்ணில் இருக்கிற சக்கரம் தேமே என்று நிற்கும்.

உச்சியில் என் கணவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அவருடைய பழைய ஜீப்.

முதலில் ஏறியது அவர்தான், அலட்டிக்கொள்ளவே இல்லை. லாக்கர் பொத்தானை அழுத்தினார். இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றின. மாடிப்படி ஏறுவதுபோல ஏறிப் போய்விட்டார். வண்டிகளுக்கு லாக்கர் போட்டுக் கொடுப்பதுதான் அவர் பட்டறையின் பிழைப்பு. அதன்மேல் இருக்கும் நம்பிக்கை அவருக்கு என்மேல்கூட இருக்குமா தெரியாது.

தம்பியின் புது வண்டியில் லாக்கர் கிடையாது. டிராக்‌ஷன் கண்ட்ரோல்தான். வீணாகச் சுற்றும் சக்கரத்தை அதுவே கண்டுபிடித்து இறுக்கிப் பிடிக்கும். இன்ஜினின் இழுவை மறுபக்கச் சக்கரத்துக்குப் போகும். “கம்ப்யூட்டர் மலை ஏறுமா மாப்ளே?” என்று எட்டு மாதமாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவனைப் போட்டு வறுத்தெடுக்கிறார் என் கணவர்.

அதனால் இந்தப் பந்தயம். மூன்று முறைக்குள் ஏறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தம்பி வண்டியின் அச்சைப் பிரித்து லாக்கர் போட்டுவிடுவார். ஏறிவிட்டால், அந்த வண்டியைப் பற்றி அவர் இனி வாயே திறக்கக் கூடாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஜெயிக்க வேண்டும். கட்டியவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படி நினைப்பது துரோகம்தான். ஆனாலும் இந்த வண்டி ஏற வேண்டும். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை.

“மாப்ளே, ஸ்பானரை எடுத்து வைக்கட்டுமா?” மேலேயிருந்து குரல் வந்தது.

தம்பிக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. “சக்கரம் சுத்துற சத்தம் கேட்டாலே கால் தானா வந்துடுதுக்கா,” என்றான்.

அதுதான் சிக்கலே. அவன் ஓட்டக் கற்றுக்கொண்டது என் கணவரின் ஜீப்பில். அதில் சக்கரம் வீணாகச் சுற்றினால் காலை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது உடையும். இதில் காலை எடுத்தால், ஓட்டுகிறவனே கைவிட்டுவிட்டான் என்று வண்டியும் விட்டுவிடும். இருபது வருஷப் பழக்கம் அரை நிமிஷத்தில் போகுமா?

மூன்றாவது முறை.

பள்ளத்தில் இறங்கினோம். வண்டி சாய்ந்தது. என் பக்கத்து ஜன்னலில் வெறும் ஆகாயம்.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. ஊவென்று ஒரே அலறல். வண்டி அசையவில்லை.

தம்பியின் முழங்கால் மேலே எழும்புவதைப் பார்த்தேன்.

குறுக்கே பாய்ந்து இரண்டு கையாலும் அந்த முழங்காலைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தாறு வயது ஆள், “அக்கா! அக்கா!” என்று அலறினான். நான் விடவில்லை.

கடகடகடவென்று அடியில் சத்தம். வண்டியே இரண்டாக ஒடிந்துவிடும் போலிருந்தது.

அந்தரத்தில் சுற்றிய சக்கரம் நின்றது. மண்ணில் இருந்த சக்கரம் ஒரு கல்லைப் பிடித்தது. ஒரு விரற்கடை நகர்ந்தோம். ஒரு சாண். ஒரு முழம்.

ஏறுகிறது! ஐயோ, ஏறுகிறது!

உச்சியில் போய் நின்றதும் தம்பி குதித்து இறங்கி, தன்னந்தனியாக ஆட்டம் போட ஆரம்பித்துவிட்டான். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் முகம் தொங்கிப் போயிருக்கும் என்று நினைத்தேன். அவரோ முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தகிக்கிற சூட்டில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சுத்துன உடனே பிடிக்கலை, கவனிச்சியா மாப்ளே? கொஞ்சம் பொறுத்து, சரியான நேரத்துல பிடிக்குது. எவனோ ராப்பகலா மண்டையை உடைச்சிருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சா கையைப் பிடிச்சுக் குலுக்கணும்!”

“மாமா, வாயே திறக்கக் கூடாது!” என்று கத்தினான் தம்பி.

அந்தக் ‘கொஞ்சம்’ என்பது அரை நொடிக்கும் குறைவு. முதலில் முக்கால் நொடி வைத்திருந்தேன். நானூறு தடவைக்கு மேல் சோதனை மேட்டில் ஏற்றிப் பார்த்துத்தான் குறைத்தேன். இந்த வண்டியைச் செய்யும் கம்பெனியில் நான் பிரேக் பிரிவில் இருப்பது என் கணவருக்குத் தெரியும். வீணாகச் சுற்றும் சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பதும் எங்கள் பிரிவின் வேலைதான்; பிரேக் என்றால் வண்டியை நிறுத்துவதற்கு மட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் பட்டறைக்கு உலை வைக்கும் வேலையை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? நானும் திருத்தவில்லை.

அவர் எழுந்து என் பக்கம் வந்தார். நான் கையை நீட்டினேன். இறங்கப் பிடிமானம் கேட்கிறேன் என்று நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் இறங்கவில்லை. அந்தக் கையைக் குலுக்கினேன்.

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. கையை மட்டும் விடவில்லை.