கூட வந்தவர்

கடலோர ஊர்தான், ஆனால் தெருவெல்லாம் மலையேற்றம். உச்சியிலிருந்த லாட்ஜிலும் மேனேஜர் நிமிராமலே கேட்டார்: "கூட ஆம்பள யாரும் வரலியாம்மா? தனியா வர்ற பொம்பளைக்கு ரூம் குடுக்கிறதில்ல."

கேட்டுக் கேட்டுச் செல்லக்கனிக்குக் காது புளித்துவிட்டது. அஸ்தியோடு எந்த வாசலும் ஏறக்கூடாது என்று கொழுந்தனார் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு லாட்ஜிலும் பையை வெளியே வைத்துவிட்டே உள்ளே போயிருந்தாள். இப்போது விடுவிடுவென்று போய் எடுத்துவந்தாள். துணி கட்டிய மண்கலயத்தை மேசைமேல் நங்கென்று வைத்தாள்.

"இந்தா, என் வீட்டுக்காரரு. காலையில கடல்ல கரைக்கணும். என்ன கேக்கணுமோ அவருகிட்டயே கேளு."

மேனேஜர் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். மாட்டியிருந்த சாவிகளில் ஒன்றை அவளே கழற்றினாள்.

"இது கடல் தெரியிற ரூம்தானே?"