இடுப்பிலிருந்து கால் வரை

“என்னங்க, இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் சுள்ளுன்னு இழுக்குது.”

“தைலத்தைத் தேய்ச்சுக்கோ. அப்படியே சிலிண்டரையும் மாத்திடு.” கணவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் அவள் டோக்கன் வாங்கி டாக்டர் முன் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே அவர் எல்லாவற்றையும் கேட்டார். அடடா, என்ன கரிசனம்! கல்யாணத்துக்குப் பிறகு அவளைப் பேசி முடிக்க விட்ட முதல் மனிதர்.

“கால்ல கோளாறு இல்லம்மா. இடுப்புல நரம்பு அழுந்துது. படுத்தே கிடக்காம மெதுவா நடங்க. பாரம் ஏதாவது தூக்கினீங்களா?”

“சிலிண்டர். வலிக்குதுன்னு சொன்னப்புறமும் வீட்டுக்காரர்தான் மாத்தச் சொன்னார்.”

“மனுஷனா அவன்? இங்க கூட்டிட்டு வாங்க, நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன். என்ன வேலை பாக்கறான்?”

“நரம்பு டாக்டர்.”

அப்போதுதான் அவர் தலைநிமிர்ந்து தன் மனைவியைப் பார்த்தார்.