அன்னநடை

மூன்று தலைமுறையாக வெயில் படாத குடும்பம் என்பது தணிகைநாதனின் பெருமை. ஐம்பதாவது மாடியில் இருந்த அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கறுப்பு. இரண்டு வயதுப் பேத்தி நிறைமதி கூடத்தில் நேராக ஓடி வருவதைக் கண்டதும் அவர் முகம் இறுகியது.

"எந்த ஜன்னலைத் திறந்தே?" என்று மருமகளைக் கேட்டார்.

தேன்மலர் மறைக்கவில்லை. "அடுப்படி ஜன்னல், மாமா. தினம் கொஞ்ச நேரம் வெயில்ல உக்கார வெச்சேன். இல்லேன்னா எலும்பு வளைஞ்சிடும்னு டாக்டர் சொன்னாங்க. உங்க மகன் நாலு படி ஏற என்ன பாடு படுறாரு, பாக்குறீங்கல்ல?"

"அதுக்குப் பேரு அன்னநடை. எங்கம்மா ரெண்டு பக்கமும் அசைஞ்சு வந்தா கல்யாண மண்டபமே வாயடைச்சுப் போகும். டெலிவரிக்காரன் மாதிரி விடுவிடுன்னு நடக்குற உங்க வீட்டாளுங்களுக்கு அது எங்க தெரியும்?"

அன்று மாலையே ஆள் வந்து அடுப்படி ஜன்னலை அடைத்துவிட்டுப் போனான்.

அடுத்த தையில் நிறைமதி சுவரைப் பிடித்தபடி, கால்கள் வில்லாக வளைய, சாய்ந்து சாய்ந்து நடந்தாள். தணிகைநாதன் கண் கலங்கிப்போய் உறவினர்களை வரவழைத்தார். "நம்ம வீட்டு நடை வந்திருச்சு" என்று ஒவ்வொருவர் கையிலும் சர்க்கரை வைத்தார். குழந்தையைக் கொஞ்ச எழ முயன்றவர்கள், ஒருவரை ஒருவர் கைபிடித்துத்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது.